டிராக்டருக்குக் கம்பெனி ஆயிலா, வெளி ஆயிலா? வாளி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வண்டி ஆயிரம் மணி நேரத்தைத் தொட்டுவிட்டது, பின்னால் இருக்கிற ஆயிலை மாற்ற வேண்டும். ஷோரூமில் கேட்டால் ஒரு விலை சொல்கிறார்கள், டவுன் ஆயில் கடையில் அதே 20 லிட்டர் வாளி கணிசமாகக் குறைவு. கடைக்காரர் "எல்லாம் ஒரே ஆயில்தாங்க, ஸ்டிக்கர்தான் வேற" என்கிறார். மெக்கானிக் "கம்பெனி ஆயில் ஊத்தலன்னா வாரண்டி போயிடும்" என்று பயமுறுத்துகிறார். பக்கத்துத் தோட்டத்து அண்ணனோ 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில் ஊற்றி வருசக்கணக்காக ஓட்டிக்கொண்டிருக்கிறார், அவர் வண்டிக்கு ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை.

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேருமே வாளியின் மேலிருக்கும் பெயரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எண். உங்கள் வண்டிக் கையேடு எந்த எண்ணைக் கேட்கிறதோ அந்த எண் இருக்கிற ஆயிலை, அதற்குப் பொறுப்பேற்கக்கூடிய ஒரு கம்பெனியிடமிருந்து, பில்லோடு வாங்கினால் அது ஷோரூம் வாளியா வெளி வாளியா என்பது இரண்டாம் பட்சம்தான். ஏன், எப்படி, எங்கே இது பொருந்தாது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

டிராக்டரின் பின்பாதியில் இருக்கிற ஆயில் காரில் இருக்கிற கியர் ஆயில் மாதிரி ஒரே வேலை பார்ப்பதில்லை. பல வண்டிகளில் கியர் பெட்டி, டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் லிஃப்ட் மூன்றுக்கும் ஒரே தொட்டி, ஒரே ஆயில். பழைய ஃபெர்குசன் அமைப்பிலேயே லிஃப்ட் பம்ப் பின் அச்சுப் பெட்டிக்குள் ஆயிலில் முங்கித்தான் உட்கார்ந்திருக்கும், மாஸி ஃபெர்குசன் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். இதோடு ஆயில் பிரேக்கும் வந்துவிட்டால் பிரேக் தட்டுகளும் அதே ஆயிலில் கிடக்கின்றன. சில மாடல்களில் பிடிஓ (ரொட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுழற்றும் பின் தண்டு) கிளட்ச்சும் பவர் ஸ்டீயரிங்கும்கூட அதே தொட்டியில் இருந்துதான் எடுத்துக்கொள்ளும்.

இங்கேதான் சிக்கல். கியர் பல்லுக்கு நல்ல வழுக்கல் வேண்டும், அழுத்தத்தில் படலம் கிழியக் கூடாது. பிரேக் தட்டுக்கு அதே ஆயிலில் பிடிப்பு வேண்டும், அதுவும் சட்டென்று கவ்வி விட்டுவிட்டுப் பிடிக்காமல் சீராகப் பிடிக்க வேண்டும். லிஃப்ட் பம்ப்புக்கு ஆயில் இளகலாக ஓடி வர வேண்டும், நுரைக்கக் கூடாது. ஒன்றுக்கொன்று முரணான இந்தத் தேவைகளைச் சமாளிக்கத்தான் உராய்வைக் கட்டுப்படுத்தும் மருந்து, தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக பாஸ்பரஸ் கலவை, கால்சியம், துரு தடுப்பு, நுரை தடுப்பு எல்லாம் சேர்த்து ஒரு தனி ரக ஆயில் செய்கிறார்கள். வாளியில் இதை யூடிடிஓ (UTTO) என்று போட்டிருப்பார்கள். இன்ஜினுக்கும் சேர்த்து ஊற்றக்கூடிய ரகம் எஸ்டிஓயூ (STOU), அது வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் வண்டியில் டிரை பிரேக் (ஆயிலில் முங்காத பிரேக்) இருந்து, கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் தனித்தனித் தொட்டி இருந்தால், கையேடு பெரும்பாலும் கியருக்கு சாதாரண 90 ஆயிலையும் லிஃப்டுக்கு ஒரு ஹைட்ராலிக் ஆயிலையும் சொல்லும். அப்படியென்றால் விலை கூடிய யூடிடிஓ வாங்கி ஊற்றிக் காசைக் கரைக்க வேண்டாம், கையேட்டில் உள்ளதை நல்ல கடையில் வாங்கிக்கொண்டு போங்கள். இந்தக் கட்டுரையின் மீதி ஒரே தொட்டியும் ஆயில் பிரேக்கும் உள்ள வண்டிக்காரர்களுக்கு.

எண்களைப் படிப்பது எப்படி

ஜான் டீர் கேட்பது ஜே20சி. மாஸி ஃபெர்குசனில் எம்1141, எம்1143, எம்1145 என்று ஒரு வரிசை உண்டு. நியூ ஹாலந்தில் மேட் 3505, மேட் 3525, பழைய ஃபோர்டு வழி வண்டிகளில் எம்2சி134-டி. குபோட்டா தன்னுடைய யூடிடி, சூப்பர் யூடிடி என்ற பெயர்களிலேயே சொல்லும். கையேட்டில் கடைசிப் பக்கங்களில் ஆயில் அட்டவணை இருக்கும், அதை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடைக்குப் போகும்போது உங்கள் ஞாபகத்தையோ மெக்கானிக் ஞாபகத்தையோ நம்ப வேண்டாம். ஒரே கம்பெனி, ஒரே குதிரைத்திறன், ஆனால் இரண்டு வருச இடைவெளியில் வந்த இரண்டு வண்டிகள் வேறு வேறு ஆயில் கேட்பது சாதாரணம்.

பெரிய லூப்ரிகன்ட் கம்பெனிகளின் யூடிடிஓ ஆயில்கள், உதாரணத்துக்கு ஷெல் ஸ்பிராக்ஸ் எஸ்4 டிஎக்ஸ்எம், மொபில்ஃப்ளூயிட் 424 போன்றவை, ஒரே வாளியில் இந்த எண்கள் பலவற்றையும் வரிசையாகப் போட்டிருக்கும். நாம் 'வெளி ஆயில்' என்று சொல்வதில் இதுவும் அடக்கம், ஊர் பேர் தெரியாத வாளியும் அடக்கம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதால்தான் டீக்கடை விவாதம் முடிவதே இல்லை. டிராக்டர் கம்பெனி எதுவும் சொந்தமாக எண்ணெய்க் கிணறு தோண்டுவதில்லை. அவர்கள் பெயரில் வருகிற ஆயிலையும் ஏதோ ஒரு லூப்ரிகன்ட் ஆலைதான் அவர்கள் கொடுத்த சேர்மானப்படி கலந்து கொடுக்கிறது. ஆகவே கடைக்காரர் சொன்ன "ஸ்டிக்கர்தான் வேற" சில வாளிகளுக்கு ஏறக்குறைய உண்மை. எந்த வாளிக்கு என்பதுதான் கேள்வி.

இப்போது வாசகத்தைக் கவனியுங்கள். "அங்கீகரிக்கப்பட்டது" என்றால் டிராக்டர் கம்பெனி சோதித்துப் பார்த்துச் சம்மதித்தது. "தேவைகளைப் பூர்த்தி செய்கிறது" என்றால் ஆயில் கம்பெனி தன் பொறுப்பில் சொல்வது. "பயன்படுத்த ஏற்றது" என்றால் அதுவும் சொந்தக் கூற்றுதான், இன்னும் கொஞ்சம் நழுவலான சொல். இன்ஜின் ஆயிலுக்கு ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு உரிமம் கொடுத்து வட்ட முத்திரை போட அனுமதிக்கிறது. டிராக்டர் பின்பெட்டி ஆயிலுக்கும் ஜிஎல்-4 என்று தரம் போட்ட கியர் ஆயிலுக்கும் அப்படி உரிமம் கொடுக்கும் ஏற்பாடு இல்லை. யார் வேண்டுமானாலும் வாளியில் ஜே20சி என்று அச்சடித்துவிடலாம். அதனால்தான் சொன்னவர் யார் என்பது முக்கியமாகிறது.

இது வெறும் சந்தேகம் இல்லை. அமெரிக்காவில் ஜான் டீர் 303 என்று ஒரு பழைய தர எண் இருந்தது. அந்தக் காலத்து ஆயிலில் உராய்வைச் சீராக்க ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய் சேர்த்தார்கள். 1970களில் திமிங்கிலப் பொருட்களுக்குத் தடை வந்ததும் அந்த எண்ணும் வழக்கொழிந்துபோனது, பிறகு வேறு தரங்கள் வந்துவிட்டன. ஆனால் பல பத்தாண்டுகள் கழித்தும் அங்கே மஞ்சள் வாளிகளில் '303' என்று போட்டு மலிவு விலையில் ஆயில் விற்றுக்கொண்டிருந்தார்கள். செத்துப்போன எண் என்பதால் அதை எதோடு ஒப்பிட்டுச் சோதிப்பது என்றே கிடையாது. தரம் குறைந்த ஆயிலும் கழிவு ஆயிலும் கலந்திருப்பதாகப் புகார் எழுந்து, மிசூரி போன்ற மாநிலங்கள் விற்பனையையே தடுத்தன, விவசாயிகள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். நம் ஊர்க் கடைகளில் 'ஆல் டிராக்டர் ஸ்பெஷல்', 'சூப்பர் டிராக்டர் ஆயில்' என்று மட்டும் எழுதி எண்ணே போடாத வாளிகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த மஞ்சள் வாளிதான் ஞாபகம் வரும். எண் இல்லாத வாளியைத் தொடவே வேண்டாம்.

எண் இருந்தால் அடுத்த வேலை, அந்தக் கம்பெனியின் இணையதளத்துக்குப் போய் அந்த ஆயிலின் விவரத் தாளை இறக்குவது. அது கிடைக்கவில்லை என்றாலே பாதி பதில் வந்துவிட்டது. கிடைத்தால் 100 டிகிரியில் பாகுநிலை, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை, எவ்வளவு என்று பாருங்கள். ஜே20சி ரக யூடிடிஓ 9 முதல் 10.5 சென்டிஸ்டோக் (cSt) வரைக்குள் இருக்கும். துத்தநாகம், பாஸ்பரஸ் அளவைப் போட்டிருந்தால் 0.1 சதவீதத்தை ஒட்டி இருப்பது வழக்கம். எத்தனை டிகிரி குளிரில் உறையும் என்ற வரியை நாம் தாண்டிப் போய்விடலாம், அது பனி பெய்யும் ஊர்க்காரர்களின் கவலை. அதே காரணத்தால் குளிர் நாடுகளுக்கென்று வரும் ஜே20டி என்ற இளகல் ரகம் மலிவாகக் கிடைத்தாலும் நம் வெயிலுக்கு வாங்க வேண்டாம்.

68 நம்பர் ஊற்றலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 68 என்பது 40 டிகிரியில் அந்த ஆயிலின் பாகுநிலை, அவ்வளவுதான். யூடிடிஓவும் அந்த வெப்பத்தில் ஏறத்தாழ அதே பக்கம்தான் இருக்கும், ஆகவே விரலில் தேய்த்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும், லிஃப்டும் ஜம்மென்று தூக்கும். இதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 68-ல் பம்ப்புக்கான பாதுகாப்பு இருக்கிறது, கியர் பல்லின் அழுத்தத்தைத் தாங்கும் சேர்மானமும் பிரேக் தட்டுக்கான உராய்வு மருந்தும் இல்லை. ஊற்றிய அன்றைக்கு எதுவும் உடையாது. கொஞ்ச நாளில் பிரேக் மிதித்தால் பின்னாலிருந்து கர்ர்ர் என்று அதிர்வு, அதுவும் வயலில் இல்லை, கரும்பு லோடு ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது. கியர்ப் பல் தேய்வதோ சத்தமே இல்லாமல் நடக்கும், பெட்டியைத் திறக்கும் நாளில்தான் தெரியும். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றால், அவருடையது டிரை பிரேக்கா, தனித் தொட்டியா என்று முதலில் விசாரியுங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை இருக்கும்.

மறுபக்கம், "கனமான ஆயில் நல்லது" என்று 90 ஜிஎல்-5 கியர் ஆயிலை ஊற்றுகிறவர்களும் உண்டு. அது 100 டிகிரியில் குறைந்தது 13.5, யூடிடிஓவைவிட ரொம்பக் கனம். காலை நேரத்தில் லிஃப்ட் பம்ப் உறிஞ்ச முடியாமல் ஊளையிடும். ஜிஎல்-5-ல் இருக்கிற கந்தகச் சேர்மானம் பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கவும் செய்யும். இன்ஜினுக்கு வாங்கியதில் மிச்சமிருக்கும் 15டபிள்யூ-40-ஐக் கையேடு சொல்லாமல் இதில் ஊற்றாதீர்கள்.

விலைக் கணக்கு

வாளிக்கு 1,500 ரூபாய் வித்தியாசம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 45, 50 குதிரைத்திறன் வண்டிக்கு மாடலைப் பொறுத்து 35 முதல் 60 லிட்டர் பிடிக்கும். 40 லிட்டர் என்றால் இரண்டு வாளி, மிச்சம் 3,000 ரூபாய். ஆயில் 1000 மணி நேரம் ஓடினால் மணிக்கு 3 ரூபாய் மிச்சம். அதே மணி நேரத்தில் டீசல் நாலு லிட்டர் குடிக்கிறது. அப்படியிருக்க ஊர் பேர் தெரியாத ஆயிலுக்காக மணிக்கு 3 ரூபாய் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை என்பது என் கருத்து. தெரிந்த கம்பெனியின் யூடிடிஓவுக்குப் போய் அந்த 3,000-ஐ மிச்சம் பிடித்தால் அது நியாயமான மிச்சம், அதைத் தாராளமாகச் செய்யலாம்.

ஆனால் டெல்டா பக்கம், கேஜ் வீல் மாட்டித் தொழி உழவு ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அச்சு முங்கும் சேற்றில் நாள் கணக்கில் நிற்கும் வண்டியில் ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகாமல் இருப்பது கஷ்டம். தண்ணீர் கலந்த பிறகு எவ்வளவு உயர்ந்த ஆயிலும் 1000 மணி நேரம் தாங்காது. அங்கே நடுத்தர விலையில், சரியான எண் உள்ள யூடிடிஓவை வாங்கிப் பட்டம் முடிந்ததும் சோதித்துத் தேவைப்பட்டால் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். சீல் போய்த் தினமும் சொட்டுகிற பழைய வண்டி என்றால் ஆயில் பிராண்டைப் பற்றிய யோசனையே வேண்டாம், முதல் செலவு சீலுக்கு.

தண்ணீர் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் சோதனையே தேவையில்லை. சந்தேகமாக இருந்தால் பாட்டிலில் ஊற்றி வைத்து அடியில் தண்ணீர் தங்குகிறதா என்று பார்ப்பார்கள், அது இந்த ரக ஆயிலுக்கு முழுதாக நம்பத் தகுந்ததில்லை, ஏனென்றால் யூடிடிஓ கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கலந்தே வைத்துக்கொள்ளும், அடியில் தங்க விடாது. பழைய தோசைக்கல்லை வெளியில் வைத்துச் சூடாக்கி, தண்ணீர்த் துளி தெளித்தால் உருண்டு ஓடும் பதத்துக்கு வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, நீளமான குச்சியால் ஒரே ஒரு சொட்டு ஆயில் வையுங்கள். சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் பரவி லேசாகப் புகையும். தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரிந்து குமிழ் விடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முகத்தைத் தள்ளி வையுங்கள், வாளியைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

நிறம் எதையும் சொல்லாது. மஞ்சளும் சிவப்பும் பச்சையும் சாயம்தான்.

வாரண்டியும் போலியும்

வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு நான் ஷோரூம் ஆயிலையே சொல்வேன், ஷோரூமிலேயே மாற்றி சர்வீஸ் புத்தகத்தில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆயில் உசத்தி என்பதற்காக இல்லை, நாளைக்கு கியர் பெட்டியில் ஏதாவது போனால் "நீங்க என்ன ஊத்துனீங்க?" என்று அவர்கள் ஆரம்பிக்கும் வாய்ப்பையே கொடுக்க வேண்டாம் என்பதற்காக. எப்படியோ வெளியில்தான் மாற்றியாக வேண்டும் என்றால் கையேட்டு எண் உள்ள ஆயில், ஜிஎஸ்டி பில், வாளியின் பேட்ச் எண் தெரிகிற போட்டோ, மாற்றிய அன்று மணி மீட்டர் போட்டோ, இவ்வளவும் கையில் இருக்கட்டும். வாரண்டி முடிந்த வண்டிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆனாலும் பில் வாங்குகிற பழக்கம் நல்லது.

பெரிய பெயர்களுக்குத்தான் போலியும் அதிகம். மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, பேட்ச் எண்ணும் தயாரிப்புத் தேதியும் அழுத்தமாக அச்சாகியிருக்கிறதா, ஸ்கேன் செய்யும் குறி இருந்தால் அது கம்பெனி தளத்துக்குப் போகிறதா என்று கடையிலேயே பாருங்கள். திறந்ததும் மண்ணெண்ணெய் வாடையோ கருகல் வாடையோ அடித்தால் ஊற்றாமல் திருப்பிக் கொடுங்கள். ஆயில் ஊற்றி முடித்ததும் காலி வாளியை மெக்கானிக் பட்டறையில் அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள், அடியில் ஒரு ஓட்டை போட்டுவிடுங்கள். மூடியோடு இருக்கும் நல்ல கம்பெனி வாளிக்கு என்ன கிராக்கி என்று பழைய சாமான் கடையில் கேட்டுப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

மாற்றும்போது

ஒரு ஆயிலில் இருந்து இன்னொன்றுக்குப் போகிறீர்கள் என்றால் அரைகுறையாக வடிப்பதுதான் பெரிய தப்பு. வண்டியை ஒரு அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, லிஃப்ட் கைகளை முழுக்கக் கீழே இறக்கிவிட்டு வடியுங்கள், மேலே தூக்கியபடி நிறுத்தினால் சிலிண்டருக்குள் இருக்கிற ஆயில் அங்கேயே தங்கிவிடும். பல வண்டிகளில் வடிக்கும் போல்ட் ஒன்றுக்கு மேல் இருக்கும், கியர் பெட்டிக்கு ஒன்று, பின் பெட்டிக்கு ஒன்று, சிலவற்றில் இரண்டு பக்க ஃபைனல் டிரைவுக்கும் தனித்தனி. கையேட்டைப் பார்த்து எல்லாவற்றையும் திறந்து, வடிவது நிற்கும் வரை விடுங்கள். போல்ட்டின் காந்தத்தில் மாவு மாதிரி ஒட்டியிருக்கும் துகள் சாதாரணம். விரலால் எடுக்கும் அளவுக்குச் சில்லுகள் இருந்தால் புது ஆயில் ஊற்றுவதற்கு முன் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஃபில்டரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பம்ப்புக்கு முன்னால் இருக்கிற ஃபில்டர் சரியான அளவில் இல்லையென்றால் ஆயில் எவ்வளவு உசத்தியாக இருந்தும் பம்ப் பட்டினி கிடக்கும். ஆயில் விஷயத்தில் வெளியே போகலாம் என்று சொல்கிற நானே ஃபில்டரைக் கம்பெனியில்தான் வாங்கச் சொல்வேன். கழுவிப் போடும் கம்பி வலை இருந்தால் டீசலில் அலசிக் காயவைத்து மாட்டுங்கள், வேட்டித் துணியால் துடைத்து நூலை உள்ளே விட்டுவிடாதீர்கள்.

ஊற்றிய பிறகு ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, லிஃப்டைப் பல தடவை ஏற்றி இறக்கி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பி, நிறுத்திச் சற்று நேரம் கழித்து அளவைத் திரும்பப் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்புங்கள். அப்புறம் காலி ரோட்டில் மெதுவாக ஓட்டி இரண்டு பிரேக்கையும் சேர்த்தும் தனித்தனியாகவும் மிதித்துப் பாருங்கள். சத்தம், அதிர்வு, ரொட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தினால் தானாக இறங்குவது, பம்ப் ஊளை, இதில் எது புதிதாக வந்தாலும் லோடு ஏற்றாமல் முதலில் அளவையும் ஃபில்டரையும் பாருங்கள், அதுவும் சரியென்றால் ஆயிலைச் சந்தேகப்படுங்கள்.

இடையில் குறைந்தால் அதே எண் உள்ள வேறு கம்பெனி யூடிடிஓவை ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் சேர்ப்பதில் தப்பில்லை. 68-ஐயோ 90-ஐயோ சேர்க்காதீர்கள்.

கடைசியாக, டிப்பர் டிரெய்லர். உங்கள் வண்டியில் பார்த்துப் பார்த்து ஆயில் ஊற்றியிருப்பீர்கள், அறுவடை நேரத்தில் வாடகை டிப்பர் ஒன்றை மாட்டி ஹோஸைச் சொருகுவீர்கள். அந்த டிப்பர் சிலிண்டருக்குள் இருப்பது அதற்கு முன் இழுத்த வண்டியின் ஆயில், அது என்னவென்று யாருக்கும் தெரியாது. தொட்டியைத் தூக்கி இறக்கும்போது அது உங்கள் பெட்டிக்குள் வந்துவிடும், போதாததற்குக் கப்ளிங் முனையில் ஒட்டியிருக்கும் மணலும் கூடவே வரும். சொருகும் முன் இரண்டு முனையையும் துணியால் துடையுங்கள், கழற்றியதும் மூடி போடுங்கள். அடிக்கடி டிப்பர் இழுக்கிற வண்டி என்றால் ஃபில்டரைக் கையேடு சொல்வதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், சீசன் முடிந்ததும் ஒரு சொட்டைத் தோசைக்கல்லில் வைத்தும் பார்த்துவிடுங்கள்.